எட்டு எண்ணும் இடம்

1996 செப்டம்பர் 9, திங்கள்

முதலில் கண்ணில் பட்டது அவருடைய காலணி. தட்டையாக இருந்தது. எங்கள் மாடிப்படிச் சுவரில் இருக்கும் படத்தில் ஒரு சாண் குதிகாலோடு, கன்னமெல்லாம் வெள்ளிப் பூச்சோடு நிற்கிற டெஸ் மாமா, இன்று தபால்காரர் போடுவது மாதிரியான பழுப்புக் காலணியில் வாசலில் நின்றார். அப்பாவைவிடக் குள்ளம். இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

டெஸ் மாமா பாடகர், அப்பா அவருடைய டிரம்மர். 'டின்சல் டாக்ஸ்' நான் பிறப்பதற்கு முன்பே கலைந்துபோன அவர்களுடைய பாட்டுக் குழு. இருந்தும் எங்கள் ஊர் பில்ஸ்டன் சந்தையில் அப்பாவை நிறுத்தி 'தகர நிலா' பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாமா மறுபடியும் ஆல்பம் போடப் போகிறாராம். பழைய பாட்டுகள்தான், ஆனால் மெதுவாக. "எப்ப ஆரம்பிக்கிறோம்?" என்றார் அப்பா. மாமா டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அதில் அவர் சர்க்கரையே போடவில்லை.

பழைய குடிப்பழக்கம் அவருடைய பாட்டு வரிகளையெல்லாம் நினைவிலிருந்து தின்றுவிட்டது. கண்ணும் மங்கல். வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் உட்கார்ந்து தாளைத் திருப்ப ஓர் ஆள் வேண்டும். பதினாறு வயதில் பள்ளியை விட்டதிலிருந்து எனக்கு லாண்டரியில் காலை வேலை மட்டும்தான். மாமா என்னைக் கேட்டார்.

"ஹேசலா? அவ வாயே தொறக்க மாட்டாளே" என்றாள் அம்மா.

"அதான் வேணும்" என்றார் மாமா.

செப்டம்பர் 17, செவ்வாய்

தேவாலயத்தின் பின்கூடம். மாமா வாசிக்க ஒரு பியானோ. அதற்கு ஒரு மைக், அவருக்கு ஒன்று. ஒலிப்பதிவு செய்கிறவர் ஒருவர். நான் கூடத்தை நாலு மூலையும் பார்த்தேன். டிரம்ஸ் வைக்க யாரும் இடம் விடவில்லை.

நான் பார்த்ததை மாமா பார்த்துவிட்டார். "அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன், பாப்பா."

தலையாட்டினேன். எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

பழைய கச்சேரிகளில், 'தகர நிலா'வில் இரண்டாம் சரணம் முடிந்ததும் எல்லாரும் நிறுத்துவார்கள். எட்டு எண்ணிக்கைக்கு அப்பா மட்டும் அடிப்பார். கூட்டம் முழுக்கக் காலால் தரையை உதைக்கும். மாமாவுக்கு எண்ணவே வராது. திரும்பி அப்பா முகத்தைப் பார்ப்பார், அப்பா தலையாட்டியதும் பாட ஆரம்பிப்பார். இதை அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

இன்று மாமா அந்த எட்டையும் மௌனமாக விட்டுப் பார்த்தார். முதல் தடவை ஐந்திலேயே நுழைந்தார். அடுத்தது ஏழில். அதற்கடுத்து பத்தோ பதினொன்றோ. ஒலிப்பதிவுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. இடைவெளியே வேண்டாம், இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒட்டிப் பாடிவிடுங்கள் என்றார்.

ஒட்டிப் பாடினார். தாளில் இரண்டு சரணத்துக்கும் நடுவே அந்த இடைவெளிக்காகப் போட்டிருந்த கோட்டை நான்தான் அழித்தேன்.

செப்டம்பர் 18

மாமா இன்னும் சொல்லவில்லை. அப்பா புது டிரம் தோல் வாங்கி வந்திருக்கிறார்.

அக்டோபர் 4, வெள்ளி

அப்பா தான் வேலை செய்யும் பூட்டுத் தொழிற்சாலையில் வசந்தகாலக் கச்சேரிகளுக்காக விடுப்புக் கேட்டுவிட்டார். ஃபோர்மேன் சிரித்தானாம், "வெள்ளிச் சட்டை இன்னும் பத்துமா ரெக்?" என்று. அந்தப் பழைய மேடைச் சட்டை பத்தாது. அம்மா இரண்டு பக்கமும் தையலைப் பிரித்துப் பார்த்துவிட்டாள்.

சாயங்காலமானால் சோபா மெத்தையில் குச்சியால் அடித்துப் பழகுகிறார். பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்க. இன்று கேட்டார், "அங்க எப்படிப் போகுது?"

"ரொம்பக் குளிரா இருக்குப்பா."

அது பொய் இல்லை. இல்லையா?

அக்டோபர் 22

இன்றோடு பதிவு முடிந்தது. மாமா குரல் கடைசிப் பாட்டில் கிழிந்த துணி மாதிரி இருந்தது. அதுதான் நன்றாக இருக்கிறது என்றார் ஒலிப்பதிவுக்காரர். அப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்க வாயைத் திறந்தேன். "என்ன பாப்பா?" என்றார். "ஒண்ணுமில்ல."

1997 பிப்ரவரி 2, ஞாயிறு

வானொலியில் இன்று பாட்டு வந்துவிட்டது. அப்பாவை அடிக்க இதுவரை யாரும் கூப்பிடவில்லை, அதை அவர் ஊரில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

அப்பா எங்களை மதியமே பப்புக்கு அழைத்துப் போனார். லாண்டரிக்கு வருகிறவர்கள், தொழிற்சாலைக்காரர்கள், எல்லாரும் இருந்தார்கள். கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். 'தகர நிலா' என்று அறிவித்ததும் மேசைக்கடியில் கால்கள் தயாரானதைப் பார்த்தேன். பியானோ வந்தது. குரல் வந்தது. முதல் சரணம். டிரம்ஸ் பின்னால் வரும் என்று காத்திருந்தார்கள். இரண்டாம் சரணம் முடிந்தது. கால்கள் எழுந்தன. மாமா நிற்காமல் மூன்றாவதுக்குப் போய்விட்டார். ஓரத்தில் ஒருவர் மட்டும் ஒரு உதை உதைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

யாரும் அப்பாவைப் பார்க்கவில்லை. அது பார்ப்பதைவிட மோசம்.

அப்பாதான் சொன்னார், "ரொம்ப மெதுவா அடிச்சிருக்கேன். உங்க காதுக்கு எட்டல போல."

சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கோப்பையை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

வீட்டில் அடுப்பிலிருந்த இறைச்சி காய்ந்து போயிருந்தது. அதையே சாப்பிட்டோம். பிறகு என்னிடம்: "நீ அங்கதானே இருந்த."

இருந்தேன்.

"டிரம்ஸ் வேணாம்னா வேணாம். அடிக்காம விட்டிருந்தாக்கூடப் பரவால்ல. அந்த இடத்தையே தைச்சு மூடிட்டானே."

நான்தான் கோட்டை அழித்தேன் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? எதைத்தான் சொன்னேன் நான்.

பிப்ரவரி 3

அப்பா பேசவில்லை. நானும். எங்கள் இரண்டு பேருக்கும் இது சுலபம், அதுதான் கஷ்டம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

டெஸ் மாமா வந்தார். அப்பா கதவைத் திறந்து, பார்த்து, அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். மூடவில்லை என்பதால் மாமா நுழைந்தார். நான் படிக்கட்டில் இருந்தேன்.

ஆல்பம் நன்றாகப் போகிறதாம். இதே மாதிரி இரண்டாவதும் கேட்கிறார்களாம். அப்பா தொலைக்காட்சியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில் பந்தயக் குதிரைகள் சும்மா நின்றுகொண்டிருந்தன.

"நீ அடிச்சா நான் கத்தணும் ரெக். கத்த எனக்குத் தொண்டை இல்லடா. போயிடுச்சு."

குதிரைகளைப் பார்த்துக்கொண்டே அப்பா: "இதைச் சொல்ல உனக்கு அஞ்சு மாசமா?"

"ஆல்பம் போடுறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். உன்கிட்டதான் வரல."

"அவங்க எல்லாருக்கும் தெரியும். டிரம்மருக்கு மட்டும் தெரியாது. வெளங்கிடும்."

மாமா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மார்ச் 15 நகர மண்டபக் கச்சேரிக்கு இரண்டு சீட்டு மேசையில் வைத்தார். போகும்போது படியில் என்னைப் பார்த்து, நீயாவது வா பாப்பா, நீ இல்லாவிட்டால் என்னால் ஒரு வரி பாட முடியாது என்றார். அப்பாவுக்கும் அது கேட்டிருக்கும்.

இருந்த இடத்திலிருந்தே என்னிடம் சொன்னார்: "போ. ஒத்துக்கிட்ட வேலை."

சீட்டுகளைக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். கிழிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தாள்கள் நைந்துவிட்டன. கச்சேரிக்கு எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன். மை மணம், கை வலி. 'தகர நிலா' முன்பு ஒரே தாளில் இருந்தது. இந்தத் தடவை இரண்டாம் சரணத்தோடு தாளை முடித்துவிட்டேன். மூன்றாம் சரணம் அடுத்த தாளில்.

யாரிடமும் கேட்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

நேற்றுக் கச்சேரி. அம்மா சண்டை போட்டு அப்பாவைக் கிளப்பியிருந்தாள். மூன்றாவது வரிசை, நடுவிலிருந்து இரண்டு தள்ளி. வேலைக்குப் போடுகிற கோட்டு. முழு நேரமும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

'தகர நிலா' ஆறாவது. முதல் சரணத்துக்கே சிலர் அழுதார்கள், எனக்கு ஏன் என்று புரியவில்லை, மெதுவாகக் கேட்டால் அது சோகமான பாட்டுதான் போலிருக்கிறது. இரண்டாம் சரணம் முடிந்தது. தாளும் முடிந்தது. மாமா கை பியானோவிலேயே நின்றுவிட்டது.

"திருப்பு பாப்பா" என்றார், உதடு அசையாமல்.

நான் திருப்பவில்லை. மண்டபம் முழுக்க என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. யாரும் காலை உதைக்கவில்லை. எனக்கும் எண்ண வராது. மூன்றாவது வரிசையைப் பார்த்தேன்.

அப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்திருந்தார். முழங்காலில் இரண்டு விரல் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மாமாவின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார், முன்பெல்லாம் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்திருப்பாரே, அப்படி.

விரல் நின்றது. தலையை ஆட்டினார்.

நான் தாளைத் திருப்பினேன்.