நாற்பதைத் தாண்டாத டிரைவர்

மாரியம்மன் துணை

மட்டாஞ்சேரி,
30.7.2005

சார்ஜாவில் இருக்கும் மகன் ஷிபுவுக்கு,

உன் அப்பா ஆறுச்சாமி எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்குக் கேடில்லாமல் இருக்கிறோம். மனசு எப்படி இருக்கிறது என்பது இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அம்மா கையிலிருந்து போனை வாங்குவதே பெரும்பாடு. வாங்கினாலும், சாப்பிட்டாயா என்பேன், சாப்பிட்டேன் என்பாய், அதோடு சரி. மலையாளத்தில் எழுதினால் உன் அறையில் இருக்கிற மற்ற ஏழு பேரும் படிப்பார்கள். உனக்குத் தமிழ் படிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும் என்று தெரியும். எழுத்துக் கூட்டிப் படி, ஒன்றும் அவசரமில்லை. அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. என்ன எழுதுகிறாய் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். பென்ஷன் ஆபீசுக்கு என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருஷம் மழை விடுகிற மாதிரியே இல்லை. பஜார் ரோட்டில் மிளகு மூட்டை இறக்குகிறவர்கள் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். நம் சமையலறை ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, குண்டான் வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் குறையவில்லை. நீ அனுப்பிய தைலத்தைத் தேய்க்காமல் அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறாள், மகன் அனுப்பியது தீர்ந்துவிடுமாம்.

உன் சிநேகிதன் அனூப் போன சேதியை அம்மா உனக்குச் சொன்னாள். நீ 'ம்' என்று மட்டும் சொல்லிவிட்டு, அங்கே மழை எப்படி என்று கேட்டாயாம். போனை வைத்துவிட்டு அவள் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். உன்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அம்மா போனில் எல்லாம் சொல்லியிருக்க மாட்டாள். அவன் ஒர்க் ஷாப்புக்குள் ஓடைத் தண்ணீர் ஏறிவிட்டது. காலில் காயத்தோடு அந்தத் தண்ணீரில் நின்று இரண்டு நாள் வேலை பார்த்தான். எலிக்காய்ச்சல். பத்தாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பதினான்காம் தேதி எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தொரு வயது. மகள் மஞ்சுஷாவுக்கு மூன்றுதான் ஆகிறது, ஆள் கூட்டத்தைப் பார்த்துக் கல்யாணம் என்று நினைத்துப் புதுச் சட்டை கேட்டாள். பாடை தூக்க ஒரு ஆள் குறைந்தது. உன் இடத்தில் நான் தோள் கொடுத்தேன்.

இனி எழுதப்போவதைத்தான் நாலரை வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்தேன். காக்கநாட்டில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் நீ பார்த்தது பாதிதான்.

பள்ளுருத்தி டாக்டர் வீட்டுக் கொட்டகையில் கோழி முட்டையிட்டுக்கொண்டு கிடந்த ஹெரால்டு கார் அது. நீயும் அனூப்பும் மூன்று வருஷம் பாடுபட்டு அதற்கு உயிர் கொடுத்தீர்கள். சின்ன எஞ்சின் வைத்த பழைய கார்களில் யாருடையது வேகம் என்று மோட்டார் கிளப்காரர்கள் போட்டி வைத்தார்கள். புனேக்காரர் ஒருவர் நூற்று முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டி வைத்திருந்த ரெக்கார்டை உடைக்க வேண்டும் என்று நீங்கள் இரண்டு பேரும் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தீர்கள். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை ஓட்டி, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவதுதான் கணக்கு என்று எனக்கு விளக்கினவனும் நீதான்.

போட்டிக்கு முதல் நாள், காக்கநாட்டில் இன்னும் திறக்காத அந்தப் புது ரோட்டில் ஓட்டிப் பார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டு போனாய். நூற்றுப்பத்து தொட்டதும் எஞ்சின் முன்மூடி மொத்தமாக நடுங்கியது. என் காலடியில் தகரம் அதிர்ந்தது. போதும்டா என்று கத்தினேன். நீ சிரித்துக்கொண்டே, அப்பாவுக்கு நாப்பதைத் தாண்டுனா தலை சுத்தும் என்று பின்சீட்டில் இருந்த அனூப்பிடம் சொன்னாய். அவன் சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, மாமா பேடிக்க வேண்டாம், முன்மூடிக்கு இன்னும் ரெண்டு கொளுத்து போடுறேன் என்றான். சொன்னபடி அன்று சாயங்காலமே இரண்டு கொக்கி போட்டான்.

நான் ஓட்டிய குப்பை லாரியில் ஆக்சிலேட்டருக்கு அடியில் ஒரு மரக்கட்டை அறைந்திருக்கும். எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி நாற்பதைத் தாண்டாது. டீசலும் மிச்சம், வண்டியும் சொன்ன பேச்சுக் கேட்கும். இருபத்தெட்டு வருஷம் அந்தக் கட்டையை மிதித்துத்தான் உன்னை வளர்த்தேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் சாயா குடிக்கப் போன நேரத்தில், ஒர்க் ஷாப்பில் கிடந்த தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு விரல் கனத்துக்கு ஒரு துண்டு அறுத்தேன். உன் ஆக்சிலேட்டருக்கு அடியில் வைத்து, மேலே ரப்பர் விரிப்பைப் போட்டு மூடினேன். ரெக்கார்டு போனால் போகட்டும், பிள்ளை இருந்தால் போதும் என்றுதான் வைத்தேன். தொண்ணூறு, மிஞ்சினால் நூறு, அதற்கு மேல் போகாது என்பது என் கணக்கு.

ஆமாம் ஷிபு, நான்தான்.

என் கணக்கு தப்பிவிட்டது. மறுநாள் போட்டியில் போகும்போது நூற்று முப்பத்தொன்று. வரும்போது நூற்று முப்பது. கட்டையை வைத்துக்கொண்டே அந்தக் கார் அவ்வளவு ஓடியது! அனூப்பின் கையைப் பற்றி இதற்குமேல் நான் என்ன சொல்ல? அந்தத் துண்டு மட்டும் இல்லாவிட்டால் நீ இன்னொரு பத்தைக்கூடத் தொட்டிருப்பாய். உன் பெயரைப் போட்டு அவர்கள் பலகை எழுதியிருப்பார்கள்.

நீ இறங்கியதும் வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டினாய். எஞ்சினைக் கெடுத்துவிட்டான் என்றாய். அவன் டிரைவர் பக்கம் குனிந்து ரொம்ப நேரம் எதையோ பார்த்தான். எழுந்தபோது ஒரு கை பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் உன்னிடம் திரும்பி, என்டெ தப்புதான்டா ஷிபு, பெட்ரோல் ஜெட்டு சின்னதாப் போட்டுட்டேன், அடுத்த வருஷம் நோக்கலாம் என்றான். அத்தனை பேர் முன்னாலும் நீ அவனைப் பிடித்துத் தள்ளினாய். இனி உன் மூஞ்சியில முழிச்சா நான் ஆறுச்சாமிக்குப் பொறந்தவன் இல்ல என்றாய். அந்த ஆறுச்சாமி பத்தடி தள்ளி வாயை மூடிக்கொண்டுதான் நின்றான். மறு மாசம் உனக்கு விசா வந்தது.

அடுத்த நாள் காலையில் கட்டையை எடுக்கப் போனேன். அது அங்கே இல்லை. ரோட்டில் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அனூப் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். அம்மாவுக்கு மிக்சி ரிப்பேர் செய்து கொடுப்பான், சாயா குடிப்பான், மாமா, ஷிபு விளிச்சானா என்று கேட்பான். விளித்தான் என்பேன். என்னைக் கேட்டானா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. 'ஜெட்டு அனூப்' என்று ஊரே கேலி பேசியது. பழைய கார் வைத்திருப்பவர்கள் அவனிடம் வண்டி விடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆட்டோவும் ஸ்கூட்டரும் பார்த்துக் காலம் தள்ளினான்.

நேற்று பதினாறாம் நாள் காரியம். எல்லாரும் போன பிறகு அவன் மனைவி ஷீஜா ஒரு கிரீஸ் டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் நினைவு தப்புவதற்கு முன்னால் அவன் சொன்னானாம். மாமாட்ட இதைத் திருப்பிக் குடு, ஷிபு அறிய வேண்டாம்னு சொல்லு என்று. திறந்து பார்த்தேன். நான் அறுத்த துண்டுதான். ஒரு ஓரம் கோணலாக இருந்தது, நான் அவசரத்தில் அறுத்த கோணல். இது என்ன மாமா என்று ஷீஜா கேட்டாள். டப்பாவை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்கு வந்து பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அவன் அப்பா இல்லாமல் வளர்ந்தவன். உனக்கு அப்பன் வேண்டும் என்று நினைத்துத்தான் பழியைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டான் போல. உனக்குச் சொல்ல வேண்டாம் என்றான். நான் சொல்லிவிட்டேன். செத்தவன் பேச்சை மீறிய பாவமும் என்னோடு இருக்கட்டும்.

கார் இன்னும் அவன் ஒர்க் ஷாப்பில்தான் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. வாரம் ஒரு தடவை அதை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பானாம், ஷீஜா சொன்னாள். இடத்துக்காரர் அடுத்த மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்கிறார். இரும்புக் கடைக்காரர் வந்து காரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆகஸ்ட் இருபத்துமூன்று நாற்பத்தொன்றாம் நாள். அது கழிந்ததும் ஷீஜா குழந்தையோடு கொழிஞ்சாம்பாறையில் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாள். புருஷன் வேலையில் தப்புப் பண்ணிச் சிநேகிதனை இழந்தவன் என்றுதான் அவளும் இன்றுவரை நினைக்கிறாள்.

அதற்குள் வா. என் முகத்தில் முழிக்கப் பிடிக்காவிட்டால் பெட்டியை அவள் வீட்டில் இறக்கி வை, அம்மாவை நான் அங்கே அனுப்பிவைக்கிறேன். ஷீஜாவிடம் உண்மையை நானே சொல்கிறேன். ஆனால் தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்த நேரத்தில் நீ அங்கே நின்றால் போதும். என்னைத் திட்டுவதாக இருந்தால் அவள் முன்னாலேயே திட்டு. அனூப்பைத் திட்டியதைவிடக் கூடுதலாகவே திட்டு.

இரும்புக் கடைக்குப் போகிறதற்கு முன்னால் அந்தக் காரை ஒரு தடவை எடு. அவன் மகளையும் ஷீஜாவையும் ஏற்றி நம் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வா. அப்புறம் காலியான ரோடாகப் பார்த்து நிறுத்து, நான் பக்கத்தில் ஏறிக்கொள்கிறேன். நீ எவ்வளவு மிதித்தாலும் போதும் என்று சொல்ல மாட்டேன்.

மாரியாத்தா உன்னை நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். நீ வண்டியை எடுக்கும்போதெல்லாம் பார்த்துப் போ, மெதுவாகப் போ என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். வேறொன்றும் சொல்ல எனக்குத் தெரிந்ததில்லை. இந்த ஒரு தடவை வேகமாக வா, மகனே.

உன் அப்பா,
ஆறுச்சாமி