கஸ்டானோ விஷயத்தில் உன் வாக்கு

மில்வாக்கி,
ஆகஸ்ட் 2.

அன்புள்ள எம்மெட்டுக்கு,

காஸிமிர் எழுதுவது. நான் நலம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அரிசோனாவில் வெயில் கொளுத்துவதாக வானொலியில் சொன்னார்கள். உன்னை வாசலில் உட்கார வைக்கிறார்களா, அறைக்குள்ளேயே வைத்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. உனக்குப் பேச்சு இன்னும் திரும்பவில்லை, ஆனால் படித்துக் காட்டினால் எல்லாம் புரிகிறது என்று உன் மகள் ஜோலீன் வெர்னாவிடம் சொன்னாளாம். என்னிடம் அவள் பேசுவதில்லை. மருத்துவமனையிலிருந்து உன்னை விமானத்தில் கூட்டிப்போனதைக்கூட எனக்குச் சொல்லவில்லை. நான் பூ வாங்கிக்கொண்டு போய், காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கஸ்டானோ விஷயத்துக்கு வருகிறேன். நீ போன பிறகும் நம் பேஸ்பால் அணியில் அவன் ஆட்டம் திருந்தவில்லை. பத்து முறை மட்டை பிடித்தால் ஒரு முறை அடிக்கிறான். அதுவும் பந்து தானாக வந்து மட்டையில் பட்டுக்கொண்ட மாதிரிதான். தாழ்ந்து வெளியே போகிற பந்தையெல்லாம் துரத்திக்கொண்டு போகிறான். மூன்று தடவை காற்றில் வீசி ஆட்டமிழந்து, தலையைக் குனிந்துகொண்டு திரும்புகிறான். ஜனங்கள் ஊளையிடுகிறார்கள். பத்திரிகைப் பையன்கள் கணினியில் கணக்குப் போட்டு, அவன் கதை முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். நான் எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். அந்தக் கணக்குகளை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அவன் முன்காலைச் சீக்கிரம் திருப்பிவிடுகிறான். அவ்வளவுதான் கோளாறு. இதை விளக்கி அணி அலுவலகத்துக்கு எழுதினேன். பதிலுக்கு, தொப்பி வாங்கச் சொல்லி ஒரு விளம்பரத் தாள் வந்தது.

ஜூலைக் கடைசியில், அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள், யாரை வைத்திருப்பது, யாரை விற்பது என்று மைதானத்தில் நம் இருக்கை வரிசை வாக்குப் போடுமே, இந்த ஆண்டும் போட்டோம். வெர்னா வழக்கம்போல முதலில் ஆரம்பித்தாள்.

"அவனக் குடுத்துட்டு இடதுகையால பந்து போடுறவன் ஒருத்தனக் கொண்டாங்கய்யா. இந்தப் பய மட்டைய வெச்சு ஈ ஓட்டிக்கிட்டு இருக்கான்" என்றாள்.

வைத்திருந்து திருத்த வேண்டும் என்று நான் சொன்னேன். "அவனென்ன உன் மருமகனா, இந்தப் பரிவு பரியுற?" என்றாள். காலமெல்லாம் நகரப் பேருந்து ஓட்டியவளுக்கு மட்டையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன்.

"யோவ் காஸ், வளைவுல திரும்பத் தெரியாதவன எங்க பாத்தாலும் எனக்குத் தெரியும். பந்து வளையுது, உன் ஆளு நேரா போறான். லைசென்சப் புடுங்கணும்" என்றாள். பின்வரிசைக்காரர்கள் சிரித்தார்கள்.

ஹாங்க் மட்டும் சாசேஜைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் இருந்தான். எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, "எனக்கென்னப்பா, எம்மெட் சொல்றதுதான் எனக்கும்" என்று உன் இருக்கையைப் பார்த்துச் சொன்னான். ஆக வைத்திருக்க ஒரு வாக்கு, விற்க ஒரு வாக்கு. ஹாங்க் உனக்காகக் காத்திருக்கிறான்.

உன் இருக்கையில் ஒருவன் வந்து உட்காரப் பார்த்தான். எழுப்பி அனுப்பிவிட்டேன். பருவம் முழுவதற்கும் நீ காசு கட்டியது.

ஜோலீன் போனில் ஒரு முறை கேட்டாள். "எங்கப்பா அங்க நின்னுக்கிட்டு இருந்தத நீங்க பாத்தீங்கல்ல? ஏன் ஒருத்தர்கூட எந்திரிச்சுப் போகல?" நான் நடந்ததைச் சொன்னேன். நீ பீர் வாங்கப் போனாய். நீ போனதும் கஸ்டானோ அடித்தான், அடுத்தவனும் அடித்தான். நீ திரும்பிப் படிக்கட்டின் மேலே வந்து நின்றாய். ஓட்டம் சேர்ந்துகொண்டிருக்கும்போது போனவன் இடத்துக்குத் திரும்பக் கூடாது, உட்கார்ந்தவன் எழக் கூடாது, அதிர்ஷ்டம் கலைந்துவிடும். இந்தச் சட்டத்தை நம் வரிசைக்குக் கொண்டுவந்தவன் நீ. கழிவறைக்குப் போன ஹாங்கை மழையில் நிறுத்திவைத்தவனும் நீதான். அதனால் அங்கேயே நில் என்று கை காட்டினேன். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டாய். கோப்பை உன் கையிலிருந்து விழுந்தது. சந்தோஷத்தில் போட்டுவிட்டான் என்று வெர்னா சிரித்தாள். ஏழு ஓட்டம் வந்தது. எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தபோது நீ படியில் உட்கார்ந்திருந்தாய். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பேச்சு போயிருக்காது என்று மருத்துவர் சொன்னாராம். நம் வரிசைச் சட்டம் அப்படி என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். சட்டம் அப்படித்தான். இதை நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை. என் இடத்தில் நீ இருந்தாலும் கையைத்தான் காட்டியிருப்பாய்.

அதற்குப் பிறகும் எல்லா ஆட்டத்துக்கும் போகிறேன். பந்து போவது தெரிகிறது. ஜனங்கள் எழுந்து நிற்பது தெரிகிறது. நான் உட்கார்ந்திருக்கிறேன். தோற்றாலும் ஜெயித்தாலும் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறேன்.

முந்தாநாள் சாயங்காலம் சூப் சூடாக்கிக்கொண்டிருந்தேன். ஹாங்க் போன் செய்து, "காஸ், போயிட்டான்யா" என்றான். யார் என்று கேட்காமல் நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் கழித்து, "இடதுகைக்காரன் ஒருத்தனையும் ரெண்டு பொடிப்பசங்களையும் வாங்கிக்கிட்டுக் கஸ்டானோவக் குடுத்துட்டாங்க" என்றான். எழுந்து அடுப்பை அணைத்தேன். வெர்னா கேட்டது கிடைத்துவிட்டது. அவள் இன்னும் என்னைக் கூப்பிட்டுப் பீற்றிக்கொள்ளவில்லை.

அணி விற்றது அணியின் காரியம். நம் வரிசையின் வாக்கு இன்னும் முடியவில்லை. நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் சொன்னால் உன் வாக்கு ஆகாது. நீதான் சொல்ல வேண்டும்.

கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும். மாத்திரையைத் துப்பாமல் விழுங்கு.

ஜோலீன், இனிமேல் உள்ளது உனக்கு. இந்தக் கடிதத்தில் நீ எதிர்பார்த்த வார்த்தை இல்லை என்று தெரியும். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். கஸ்டானோவை வைத்திருக்க வேண்டும் என்று நான் எழுதிய இடத்தை உன் அப்பாவுக்கு இரண்டு தடவை படி, சத்தமாகப் படி. அவன் விஷயத்தில் எம்மெட் என்னோடு ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. முகம் சிவக்கும், கையை ஓங்குவான். பயந்து நிறுத்திவிடாதே. வாயைத் திறந்து என்னைத் திட்டினால், பாதி வார்த்தையாக வந்தாலும் சரி, அது என்ன வார்த்தை என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடு.

வழக்கமான இருக்கையிலிருந்து,
காஸிமிர் வோய்தாச்