மேனேஜர் வீட்டு எறும்புகள்

மார்ச் 4, திங்கள்

காலையில் மேனேஜருக்குக் கீரை வைக்கப் போனேன். மேனேஜர் என்றால் எங்கள் ஆமை. யார் என்ன செய்தாலும் திருப்தியில்லாத முகம், கூப்பிட்டால் எழுந்து வர அரை மணி நேரம் — வேறு என்ன பெயர் வைப்பது? ஓட்டின் ஓரமாகச் சிவப்பு எறும்பு வரிசை. முன்னங்காலை உதறிக்கொண்டே இருந்தது. பழைய டூத் பிரஷால் எல்லாவற்றையும் தட்டிவிட்டேன். அதற்கும் ஒரு முறைப்பு.

மார்ச் 5, செவ்வாய்

வீட்டுக்காரம்மா படிக்கட்டில் வழிமறித்தார். கீழ்வீட்டில் தனியாக இருப்பவர்; அவர் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் ஆமையின் வேலியடைப்பு.

“ஏம்மா, என் சர்க்கரை டப்பா வரைக்கும் எறும்பு வந்தாச்சு. எல்லாம் உன் ஆமையாலதான். பதினேழாம் தேதி மருந்தடிக்க ஆள் வரச் சொல்லிட்டேன்.”

“ஐயோ, அது தரையில கிடக்கிற புல்லு, இலை எல்லாத்தையும் தின்னும்மா. மருந்து பட்டா செத்துடும்.”

“அப்போ அதுக்குள்ள எறும்பை ஓட்டு. இல்லன்னா ஆமையை யாருக்காவது குடுத்துடு.”

பன்னிரண்டு நாள். யாருக்குக் கொடுப்பேன்? வேலை மாற்றலாகிப் போகும்போது “ஒரு மாசம்தான்க்கா” என்று தம்பி விட்டுவிட்டுப் போனது. ஐந்து வருடம் ஆகிறது. ஒரு ஆமைக்காக அழக்கூடாது என்று நினைத்தேன். துணி எடுக்கிற சாக்கில் மொட்டைமாடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மார்ச் 6, புதன்

கால்நடை மருத்துவரிடம் போனில் கேட்டேன். “கண்ணு ஓரத்துல கடிச்சா ஆபத்து. ஆனா பொடி, மருந்து எதையும் உள்ள போட்டுடாதீங்க. சாப்பாடு மிச்சமே இருக்கக் கூடாது. புற்று இருந்தா தினமும் மண்ணைக் கிளறித் தண்ணி ஊத்துங்க. தொந்தரவு தாங்காம அதுங்களே இடம் மாத்திக்கும்.”

தொந்தரவு கொடுத்து ஆளைக் கிளப்புவதில் என்னை மிஞ்ச யாரும் இல்லை என்று என் கணவர் கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறார். இத்தனை வருடம் கழித்து அந்தத் திறமைக்கு ஒரு வேலை.

மார்ச் 9, சனி

ஆரம்பித்தாயிற்று. கீரைத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய ஒரு தாம்பாளத்துக்கு நடுவில் வைத்தேன். புற்று, ஆமைப் பெட்டிக்கு முட்டுக் கொடுத்த செங்கல்லின் அடியில். கரண்டியால் கிளறித் தண்ணீர் ஊற்றியதும் வெள்ளை வெள்ளையாக முட்டைகளைக் கவ்விக்கொண்டு நாலாபக்கமும் ஓடின. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்களைப் போலவே அவர்களுக்கும் கெடு. “மன்னிச்சுக்கோங்க” என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. மேலே ஜன்னலில் வீட்டுக்காரம்மா நின்றிருந்தார்.

மார்ச் 10, ஞாயிறு

போகவில்லை. சொந்தக்காரர்களையும் கூட்டி வந்திருக்கின்றன.

மார்ச் 12, செவ்வாய்

இன்று பெட்டியையே தூக்கிப் பார்த்தேன். பின்பக்கம் பிஸ்கட் தூள். மூலையில் தர்பூசணித் தோல்.

வீட்டில் விசாரணை நடந்தது. பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறவள் நான். “இனிப்பா? தொடறதே இல்ல மேடம்” என்று சொல்கிற முகங்களைத் தினமும் இருபது பார்க்கிறேன். இவருக்கு அச்சு அசல் அந்த முகம்.

“ஒரே ஒரு பிஸ்கட்தான்.”

“தினமுமா?”

“அது கேட்குது, நான் என்ன பண்றது?”

ஆமை வாய்விட்டுக் கேட்டதாம்! அடுத்தது மகள். அவள் வாக்குமூலம் இன்னும் அழகு. “நான் தர்பூசணியை எறும்புக்குத்தான்மா வெச்சேன். அதுங்க அந்தப் பக்கமாப் போயிடும்ல?” எந்தப் பக்கம்? அடைப்புக்குள்ளேயே அந்தப் பக்கம்! இருவரும் இனிமேல் இல்லை என்று சத்தியம் செய்தார்கள்.

மார்ச் 14, வியாழன்

இன்னும் இருக்கு. இவர் சட்டைப் பையை மோந்து பார்த்தேன் — பிஸ்கட் வாசனை இல்ல. மகளும் வைக்கல. அப்புறம் எங்கேருந்துதான் வருது? இடது கண் ஓரத்துல இன்னிக்கு ரெண்டு எறும்பு. கண்ணை மூடிட்டு அப்படியே இருந்துச்சு, பாவம். நான் என்னதான் பண்ணுவேன்?

கிளினிக் நர்ஸின் அண்ணனுக்குப் பெரிய தோட்டம் உண்டு. அங்கே ஆமைக்கு இடம் கிடைக்குமா என்று அவளிடம் கேட்டேன். அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. “ஐயையோ, யாருக்கு என்ன ஆச்சு?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மார்ச் 15, வெள்ளி

டாக்டருக்குக் காய்ச்சல். கிளினிக்கை மத்தியானமே மூடிவிட்டார்கள். மூன்று மணிக்கு வீடு வந்து, நேராகப் பின்பக்கம் போனேன்.

ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை. கையில் நன்றாகப் பழுத்த பப்பாளித் துண்டு. கீழே மேனேஜர், சுவரில் முன்னங்கால்களை ஊன்றி, கழுத்து முழுவதையும் நீட்டிக்கொண்டு. அதற்கு இவ்வளவு கழுத்து உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

“மெதுவா சாப்பிடு ராஜா. யாரும் பிடுங்க மாட்டாங்க.”

சாறு சுவரில் கோடாக வழிந்திருந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு எறும்புகள் அடைப்பிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து சர்க்கரை டப்பாவுக்கு.

“அம்மா” என்றேன். பப்பாளி கீழே விழுந்தது.

“எத்தனை நாளாம்மா?”

“ஒரு வருஷம் இருக்கும்.” சாறு வழிந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். “நான் வந்து நின்னா அது தலையைத் தூக்கிப் பார்க்குதும்மா. மூணு மணிக்கு இந்த வீட்ல என்னை யாரு பார்க்கிறா?”

“அப்புறம் எதுக்கு மருந்தடிக்கச் சொன்னீங்க?”

“எறும்பு அதைக் கடிக்குதே! பார்த்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?”

“ஆமையைக் குடுத்துடுன்னும் சொன்னீங்களே!”

“ஏதோ கோவத்துல சொன்னேன். நீ நிஜமாவே குடுத்துடுவியோன்னு அன்னிலேருந்து சோறு இறங்கல எனக்கு.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பத்து நாள் என்னை அலைய விட்டாரே! ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மார்ச் 17, ஞாயிறு

மருந்தடிக்கிறவர் வந்தார். “எறும்பா? இங்க ஏதுப்பா எறும்பு?” என்று வீட்டுக்காரம்மா வாசலோடு அனுப்பிவிட்டார். அவர் செருப்பை ஒட்டியே ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது.

மார்ச் 24, ஞாயிறு

சுவரைத் துடைத்தாயிற்று. பப்பாளி இனி வாரம் ஒரு நாள்தான், அதுவும் தட்டில். தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, தட்டைக் கையோடு எடுத்துவிட வேண்டும். பொறுப்பு வீட்டுக்காரம்மாவுடையது. மேனேஜருக்குக் கூடுதலாக ஒரு துண்டு கேட்ட இவரை நேற்று அவர் விரட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். எறும்புகள் மதில் ஓரமாகக் குடிபோய்விட்டன. மேனேஜரின் காலில் ஒன்றுகூட இல்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

மாலையில் திடீர் மழை. மதில் ஓரம் பள்ளம், தண்ணீர் தேங்கும். எறும்பெல்லாம் திரும்ப அடைப்புக்கு ஏறியிருக்குமே என்று கிளினிக்கிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

மேனேஜர் வீட்டுக்காரம்மாவின் கூடத்தில் அட்டைப்பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அவரைக் காணோம். பின்பக்கம் போனால், குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மதில் ஓரம் குந்தியிருந்தார். யாருடைய கல்யாணப் பத்திரிகையோ, அதில் எறும்புகளை நாலைந்து நாலைந்தாக ஏந்தி, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஈரமில்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார்.

“குட்டி முட்டையெல்லாம் வெச்சிருக்குதுங்க. திடீர்னு எங்க போகும்?” என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. “நனையாத. உள்ள வா.”

குடைக்குள் போய் உட்கார்ந்தேன். அவர் பத்திரிகையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.