வெள்ளிக்கிழமைப் பெரட்டு

அத்தை, நான் எழுதிய ஒரு கடிதம் உங்களுக்குச் செய்தது போதாதென்று மறுபடியும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். வாய் திறந்து பேசத் தெரியாதவளுக்கு இதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் உங்கள் போன் அடித்தது. அதை நிறுத்திவைக்கச் சொல்லி அப்பா சத்தம் போடுகிறார். நான்தான் சார்ஜில் போட்டுக்கொண்டே இருக்கிறேன். எடுத்தால் குவைத்திலிருந்து ஒரு பெண். "அக்கா போனதும் பெரட்டு கலைஞ்சு போச்சுங்க. யாராச்சும் பேர் கூப்பிடுங்களேன்" என்றாள். "பாக்குறேங்க" என்று வைத்துவிட்டேன். பிறகு பெட்டியிலிருந்து, நீங்கள் பெயர்கள் எழுதிவைத்த நீல அட்டைக் கொப்பியை எடுத்தேன். தாள்களில் இன்னமும் அந்த ஊர் ஏலக்காய்க் காப்பி வாசம்.

விடிந்ததும் தேயிலைத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா பேர் கூப்பிட, கூடையோடு நின்று குரல் கொடுத்தே உங்கள் பாதி வாழ்க்கை போனது. மாமா இறந்து, பிள்ளைகளும் கல்யாணமாகிக் கொழும்புக்குப் போன பிறகு, ஐம்பதை நெருங்கும் வயதில் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனீர்கள். முதல் இரண்டு வருடம் போனில் அழுகைதான். அப்புறம் ஒருநாள் உங்கள் குரலே மாறியிருந்தது. உங்களைப் போல வேலைக்கு வந்த ஒரு பெண்ணை அவள் வேலை செய்யும் வீட்டில் பூட்டிவைத்திருந்தார்களாம். இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லையாம்.

"நம்ம தோட்டத்துல ஒருத்தி பெரட்டுக்கு வரலைன்னா அவ லயத்து வீட்டுக்குப் போயி கதவத் தட்டுவோம். இங்க ஆளே காணாமப் போனாலும் கேக்க நாதியில்ல புள்ள" என்றீர்கள்.

அடுத்த வெள்ளியே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மரத்தடியில், வார லீவு கிடைத்து வந்த பெண்களை நிறுத்திப் பெயர் வாசித்தீர்கள். இரண்டு வாரம் ஒருத்தி வரவில்லையென்றால், அவள் வேலை செய்யும் வீட்டு வாசலில் போய் மணி அடித்தீர்கள். "இத்தன காலமும் என் பேரத்தான் கூப்பிட்டாங்க. இப்ப நான் கூப்பிடுறேன்டி!" என்று சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பை நான் இங்கே ஒருநாளும் கேட்டதில்லை.

அது தெரிந்தும் நான் என்ன செய்தேன்?

"வயசான காலத்துல அக்காவ ஊரான் வீட்டுல பாத்திரம் கழுவ விட்டிருக்கோம்னு பேசுறாங்க. நீதானே படிச்சவ, அக்கா வேல செய்யுற வீட்டு அம்மாவுக்கு இங்கிலீஷ்ல எழுது" என்றார் அப்பா. நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். மாட்டேன் என்று சொல்ல மட்டும் எந்தப் படிப்பும் சொல்லித்தரவில்லை. குடும்பத்துக்கு நீங்கள் அவசரமாகத் தேவை, உடனே அனுப்பிவையுங்கள் என்று எழுதினேன். பொய். இங்கே உங்களுக்கென்று இருந்தது வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நீங்கள் வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் என் தலையைத் தடவி, "இங்கிலீஷ் நல்லாத்தான் எழுதியிருந்தியாம் புள்ள. மேடம் சொன்னாங்க" என்றீர்கள். திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை? அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் நாற்காலியிலிருந்தே போனில் பெயர் கூப்பிட்டீர்கள். "கண்டாக்கம்மா பெரட்டு எடுக்குறாங்கடா, சத்தம் போடாதீங்க!" என்று அப்பா கேலி செய்வார். நீங்களும் விடவில்லை. "ஆமாடா, ஒனக்கு இன்னைக்கி அரைப்பேரு, பாதிச் சம்பளந்தான்" என்பீர்கள். ஆனால் போனில் கதவைத் தட்ட முடியாதே. "ஒரு வாரம் பிந்தி வந்திருந்தா, பெரட்டுக்கு வராமப் போன அந்தப் பூண்டுலோயா ஊர்ப் புள்ளயப் பாத்துட்டு வந்திருப்பேன்" என்று உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எட்டு மாதத்தில் போய்விட்டீர்கள்.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், "பாவம், வெளிநாட்டுல கஷ்டப்பட்டு, கடைசியிலயாச்சும் வீட்டுல நிம்மதியா இருந்துச்சு" என்றார்கள். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். முப்பத்தோராம் நாள் அழைப்பிதழையும் நானே எழுதினேன். 'குடும்பத்துக்காக உருகிய மெழுகுவர்த்தி' என்று அப்பா சொன்ன வரியையும் சேர்த்து. நீங்கள் உருகவில்லை, அத்தை. அங்கேதான் நிமிர்ந்தீர்கள். தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளி நான் கூப்பிடப்போகிறேன். தேயிலைச் செடிகளுக்குள் போய் நின்று வாசித்துப் பழகினேன். நாலாவது பெயரிலேயே தடுமாறினேன். பரவாயில்லை, தடுமாறிக்கொண்டே கூப்பிடுகிறேன்.

கொப்பியில் இருபத்தாறு பெயர்கள். இருபத்தைந்துக்கு நம்பர் இருக்கிறது. கடைசியில் 'பூண்டுலோயாப் பிள்ளை' என்று மட்டும். பக்கத்தில், நீங்கள் இங்கே வருவதற்கு முந்திய இரண்டு வெள்ளிக்கிழமைகள் வெறுமையாக இருக்கின்றன. கீழே 'பச்சைக் கதவு' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். இன்று போன் செய்த பெண்ணைத் திரும்ப அழைத்துக் கேட்டுவிட்டேன். அவள் வேலை செய்த வீடு அங்கே யாருக்கும் தெரியவில்லை.

எந்தத் தெரு, அத்தை? என்னை மன்னிக்கக்கூட வேண்டாம். கனவில் வந்து அந்த ஒரு விலாசத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.