தட்டிப் பார்க்காத பழம்

ஹௌமா
நவம்பர் கடைசிச் சனிக்கிழமை

அன்பு மகள் லெசியெலிக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் பன்றிகளும் இங்கே தீவில் சுகம். நீயும் ஆக்லாந்தில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபத்தில் கேட்கிறோம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர எனக்கு இந்த வாரம் முழுக்க ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறேன், துவைத்த துணியையே திரும்பத் துவைக்கிறேன். இதைப் பட்டணத்துத் தலமாஹு சந்தையில் நம் பழக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன், நடுநடுவே எழுந்து போய் வியாபாரம் பார்த்துவிட்டு வருகிறேன், அதனால் எழுத்து கோணலாக இருந்தாலும் காகிதம் பிசுபிசுவென்று இருந்தாலும் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. இது போனில் பேச முடியாத விஷயம். போதகர் சம்சாரம் செவ்வாய்க்கிழமை விமானத்தில் உங்கள் ஊருக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன், வாங்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்து படி.

போன வாரம் நீ போனில், அப்பா என்னோட ஒரு வார்த்தை பேசி ஒரு வருஷம் ஆகுது, அவரு பேசாத வீட்டுக்கு நான் எதுக்கும்மா கிறிஸ்துமஸுக்கு வரணும், டிக்கெட்டெல்லாம் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் பக்கம்தான் நியாயம் என்று எனக்கும் பட்டது, அதுதான் இன்னும் வலித்தது. ஊருக்குத் திரும்பி வந்து நம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருப்பேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் படிக்கப் போனாய். போன கிறிஸ்துமஸில் அவரை போனுக்குக் கூப்பிட்டு, எனக்கு இங்கேயே நிரந்தரமாக வேலை கிடைத்திருக்கிறது, நான் வரப் போவதில்லை, மன்னித்துவிடுங்கள் என்று நீயே சொன்னாய். அவர் சரி சரி என்று சொல்லிவிட்டு போனை என் கையில் திணித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் நீ எப்போது கூப்பிட்டாலும் நீயே பேசு என்று என்னிடம் கையைக் காட்டுவதோடு சரி. மனுஷன் மனது உடைந்து கிடக்கிறார், நாம் கிளற வேண்டாம் என்று நானும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வீட்டில் பேசாத நாளே இல்லாத எனக்கு இந்த ஒரு விஷயத்தில் எங்கிருந்துதான் அவ்வளவு அடக்கம் வந்ததோ.

இப்போது பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், எல்லாம் அதிலிருந்துதான் வெளியே வந்தது. இந்த வருஷம் தர்பூசணி நன்றாகக் காய்த்திருக்கிறது. சந்தைக்குள் நுழைந்தாலே அந்த வாசனைதான், ஒவ்வொரு வண்டியின் பின்பலகையிலும் யாராவது உட்கார்ந்து கீற்றைக் கடித்துக்கொண்டு விதையைத் துப்பிக்கொண்டிருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு முழங்கை வரைக்கும் சாறு. எதிர்க் கடைக்காரி வாளி வாளியாக ஒட்டாய் கலக்குகிறாள், பழத்தைக் கரண்டியால் சுரண்டிப் போட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றிப் பனிக்கட்டியைக் கொட்டினால் வரிசை மரத்தடி வரைக்கும் போகிறது. நீ அங்கே ஜூலை மாதக் குளிரில் கண்ணாடித்தாள் சுற்றி வைத்திருக்கிற பழத்தை வாங்கித் தின்பதாகச் சொன்னாயே, அதெல்லாம் எங்கேயோ பழுத்து எவ்வளவோ தூரம் வந்த பழம், அதில் தண்ணீர் இருக்கும் ருசி இருக்காது. நம் ஆட்கள் உங்கள் ஊர் ஓட்டாரா சந்தையில் கொண்டுவந்து இறக்குகிற நாளில் போய் வாங்கு, தரையில் படுத்திருந்த பக்கம் நல்ல மஞ்சளாக இருக்கிறதா பார், காம்புப் பக்கத்துச் சுருள்கொடி காய்ந்திருக்க வேண்டும். மற்றதை உன் காது சொல்லும், உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் எழுத வேண்டியதில்லை.

மற்றவர்கள் பழத்தில் கத்தியால் ஒரு துண்டு கீறி உள்ளே காட்டித்தான் விற்பார்கள். அப்பா கீறவே மாட்டார், விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எடுத்துக் கொடுப்பார், வாங்குகிறவர்களும் மனாசே தட்டிக் கொடுத்தால் போதும் என்று மறுபேச்சுப் பேசாமல் கொண்டுபோவார்கள். இந்த வருஷம் அந்தப் பழங்கள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் தபாலாபீஸ்காரப் பெண் ஒரு பாதியைக் கொண்டுவந்து சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனாள், உள்ளே வெளுப்பு. அப்புறம் இன்னொருவர், அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா விதை வியாபாரியைத் திட்டினார், மழையைத் திட்டினார், ஒரு நாள் என்னையும் திட்டினார். ராத்திரி படுத்தாலும் புரண்டுகொண்டே இருப்பார், விடியும் முன்னே எழுந்து தோட்டத்துக்குப் போய்ப் பழத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நானும் விதைதான் கெட்டது என்று நம்பினேன்.

உன் வீகா அத்தையைத்தான் உனக்குத் தெரியுமே. போன சனிக்கிழமை வந்தாள், எப்போதும்போல யாரையும் கேட்காமல் குவியலிலேயே பெரியதாக ஒன்றைத் தூக்கிக் கூடையில் வைத்தாள், அதுவும் அப்பா தட்டி ஒதுக்கி வைத்திருந்த பழம். நாத்தனார் கை வைத்த பழத்துக்குக் காசு கேட்கிற தைரியம் இந்தத் தீவில் எவளுக்கு இருக்கிறது. திங்கட்கிழமை காலை நம் வீட்டு வராந்தாவில் வந்து நின்றாள். ஏம்மா லூசியானே, நேத்து போதகரைச் சாப்பிடக் கூப்பிட்டு அவர் முன்னாடியே வெட்டினேன், உள்ள தேங்காயாட்டம் வெளுத்துக் கெடக்கு, மனுஷன் வாயத் தொடச்சிக்கிட்டு டீ கேட்டாரு, எனக்கு நிமிந்து பாக்க முடியல என்றாள். நான் விதை என்று ஆரம்பித்தேன். வெதையுமில்ல மழையுமில்ல, என் தம்பிக்குக் காது போச்சு, கோயில்ல பாட்டு முடிஞ்சு எல்லாரும் உக்காந்த பொறகும் அவன் பாடிட்டு நிக்கிறான், பக்கத்துல படுக்கிற உனக்குத் தெரியலையா என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. அப்பா உள்ளே சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நம் வழக்கத்தில் அக்காவும் தம்பியும் முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேச முடியாதே, அதனால் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொல்வதுபோல, நாளைக்கு அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டலைன்னா என் சவ அடக்கத்துக்கு வர வேணாம்னு சொல்லு என்று கத்தினாள். பக்கத்து வீட்டு நாய் எழுந்து போனது, அப்பா கத்தியைத்தான் தீட்டிக்கொண்டிருந்தார். பாத்துக்கோ என்றாள் அத்தை. நான் உள்ளே போய் அவர் முன்னால் நின்று அதையே ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். என் வாயையே பார்த்தார். நான் சொல்லியிருந்தால் பத்துக் காரணம் சொல்லித் தட்டிக் கழித்திருப்பார், அக்கா சொல் என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் காலையில் ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டுகிற இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

ஒரு காது அறவே போய்விட்டது, இன்னொன்று பாதி, காதில் வைக்கிற கருவி வெளியூரிலிருந்து வர வேண்டும், அதுவும் முழுசாகக் கேட்க வைக்காது என்று சொன்னார்கள். இத்தனை நாள் எப்படிங்க சமாளிச்சீங்க என்று டாக்டரம்மா கேட்டதற்கு, என் பொண்டாட்டி வாய் ஓயறதே இல்ல, அதப் பாத்துப் பாத்தே பழகிட்டேன் என்றார். அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் யார் வாயைப் பார்ப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. லெசியெலி, அவர் உன்மேல் கோபமாக இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

அது மட்டுமென்றால் அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். திரும்பி வரும்போது பாரம் இறங்கியவர்போல வண்டியை ஓட்டிக்கொண்டே பேசினார், தன் குரல் தனக்குக் கேட்காததால் சத்தமாகவே பேசுகிறார். லெசியெலி வரட்டும், பிப்ரவரியில பள்ளிக்கூடம் தொறக்கையில அவளுக்கு ஒரு வகுப்பு வச்சிருக்கச் சொல்லி ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லியாச்சு, வீட்டுல அவ அறைக்குப் பலகைகூட வாங்கிப் போட்டுட்டேன், இனி தோட்டத்துல பழத்த அவ தட்டிச் சொன்னாப் போதும் என்றார். நீ வரவில்லை என்று சொன்னது அவர் காதில் விழவே இல்லை மகளே. என் வாயை அவர் பார்த்துவிடக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், வீடு வரும் வரைக்கும் திரும்பவில்லை.

அன்று முதல்தான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன், அவர் ஆசையாக என் உதட்டைப் பார்ப்பார், உடனே வேறு ஏதாவது கேட்டுவிடுவேன். இப்போது பழத்தைத் தட்டும்போது இன்னொரு உள்ளங்கையை அடியில் கொடுத்து அதிர்வைப் பார்க்கிறார், நாலில் மூன்று சரியாக வருகிறது, ஆனால் விற்கிற ஒவ்வொன்றையும் கீறிக் காட்டித்தான் கொடுக்கிறார், அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் தொட்டித் தண்ணீரில் கிடந்த ஒரு பழத்தை எடுத்து வந்து வாசலில் வைத்து வெட்டினார். நல்ல சிவப்பு, ஜில்லென்று இருந்தது, இந்தப் பருவத்திலேயே அவ்வளவு இனிப்பாக ஒன்று நாங்கள் தின்னவில்லை. நடுத்துண்டை எனக்குக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, போன கிறிஸ்துமஸுக்கு அவ போன்ல ஏதோ ரொம்ப நேரம் சொன்னா, எனக்கு ஒண்ணும் புரியல, வெக்கப்பட்டுக்கிட்டு சரி சரின்னுட்டேன், அவ அழுதாளா சிரிச்சாளா, அது ஒண்ணு மட்டும் சொல்லு என்று கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார். நான் அந்தத் துண்டை முழுசாக வாய்க்குள் வைத்துக்கொண்டேன், மெல்லவும் முடியவில்லை விழுங்கவும் முடியவில்லை.

அதனால் நான் சொல்லப் போவதில்லை. அது நீ சொல்ல வேண்டியது, கடிதத்திலும் வேண்டாம். வெளிச்சத்தில் அவர் முன்னால் வந்து நின்று நிதானமாகச் சொல். கோபப்பட்டால் உன் முகத்தைப் பார்த்துக் கோபப்படட்டும், அழுதால் இரண்டு பேரும் சேர்ந்து அழுங்கள். அங்கேயே இருந்து வேலை பார்ப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

நேரத்துக்குத் தூங்கு, கோயிலுக்குப் போகாமல் இருக்காதே, கையில் காசு இல்லாவிட்டால் கூச்சப்படாமல் கேள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அப்பாவின் ஆசீர்வாதமும் உண்டு. என்ன எழுதுகிறாய் என்று இப்போதுதான் எதிரே வந்து நின்று கேட்டார், மகளுக்கு என்றேன். ஈரப்பலா மரத்துப் பக்கம் கடைசிக் கொடியில ஒண்ணு விட்டு வச்சிருக்கேன், நான் அதத் தட்டிப் பாக்கல, அவளே வந்து தட்டட்டும்னு எழுது என்றார். எழுதிவிட்டேன். பழம் கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் தாங்கும், டிக்கெட்டை எடு.

உன் அம்மா,
லூசியானே