எண்சாணர் படை

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் முதுநகர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். ஷேர் ஆட்டோ ஒன்றில் என் குரல் போயிற்று. "பாய், தலையணை, மெத்தை... ஆடித் தள்ளுபடி, முந்துங்கள்!" பக்கத்தில் நின்றவர் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். குரலுக்குச் சொந்தக்காரி அவருடைய இடுப்புயரத்தில் நிற்பது பாவம் அவருக்கு எப்படித் தெரியும்? மூன்றடி எட்டு அங்குலம் நான்.

மத்தியானம் அன்பரசு அண்ணன் போன் செய்தார். சிதம்பரத்தில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருப்பவர், என் விளம்பரங்களெல்லாம் அங்கேதான். ஒரு கம்ப்யூட்டர் கேமைத் தமிழில் பேசவைக்கிறார்களாம். "குள்ளப் படைன்னு ஒண்ணு வருது ஃபஹீமா. அதுக்குப் பொம்பளை தளபதி. நீதான் பேசுற."

அம்மா தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "சிரிக்கிறதுக்குத்தானே கூப்புடுறாங்க?"

எனக்கும் அதே பயம்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

வசனமும் கதைக்குறிப்பும் வந்தன. சிரிப்பதா? யா அல்லாஹ், இவர்களைப் பார்த்தா?

கருமலை என்றொரு நாடு. அதன் கணவாயைக் காப்பவர்கள் நூற்றிருபது பேர். ஒருவரும் நான்கடியைத் தாண்டாதவர்கள். எத்தனையோ ராஜாக்கள் பெரும்படையோடு வந்து அந்தக் கணவாயிலேயே திரும்பிப் போயிருக்கிறார்கள். வரிசையில் ஒருவர் இறந்தால் அவருடைய இடத்தை நிரப்ப மாட்டார்கள். அவர் இன்னும் நிற்பதாகவே வைத்து, இடைவெளி விட்டு நிற்பார்கள். எதிரி அந்த இடைவெளிக்குள் நுழையப் பயப்படுவானாம். படிக்கும்போதே உடம்பு புல்லரித்துவிட்டது.

இன்னொன்று. போருக்குக் கிளம்பும்போது இடுப்புக் கச்சையை யாரும் தானே கட்டிக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் நிற்பவர்தான் கட்டிவிட வேண்டும். தானே கட்டிக்கொண்டவருக்கு வரிசையில் இடமில்லை. பஸ் படி ஏற ஒரு கை கேட்கும்போதெல்லாம் கூசிப்போகிறேனே நான் — அவர்களுக்கு அது சட்டம்! அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். டீ ஆறிப்போயிருந்தது.

ஆகஸ்ட் 7

தளபதியின் பெயர் உர்க்கா. நாள் முழுக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

கீச்சுக்குரல்ல பேசணுமாம். கீச்சுக்குரல்! "குள்ளப் படைன்னா ஒரு சிரிப்பு வரணும்ல" என்கிறார் அண்ணன். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் இன்னும் கோபம். "இங்கிலீஷ்ல அந்தம்மா எப்புடிண்ணே பேசுது?" என்று கேட்டேன். போட்டுக் காட்டினார். அடிவயிற்றிலிருந்து வரும் குரல், அவசரமே இல்லாத குரல். "அது அங்க. நம்ம ஜனத்துக்கு இதான் புடிக்கும்" என்றார்.

"அப்ப வேற ஆளப் பாருங்கண்ணே."

சொல்லிட்டேன். சொல்லிட்டு பஸ்ல வர்ற வழியெல்லாம் அழுதேன். கிடைக்காது, இப்படி ஒண்ணு இனிமே எனக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஏன் சொன்னேன்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

படையில் சேர வருபவரைக் கோல் வைத்து அளப்பதில்லை என்று குறிப்பில் இருக்கிறது. தன் கையால் தானே அளந்துகொள்ள வேண்டுமாம். நம் பேச்சில் எண்சாண் உடம்பு என்பார்களே — அது எனக்கும் சேர்த்துச் சொன்னதா?

கதவோரம் நின்று தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டேன். கீழிருந்து சாண் சாணாக அளந்தேன். எட்டு. கையை இழுத்துப் பிடித்து ஏமாற்றுகிறேனோ என்று மறுபடி அளந்தேன். எட்டேதான்.

அம்மாவையும் நிற்கவைத்து அவர் கையாலேயே அளக்கச் சொன்னேன். அவருக்கும் எட்டு. இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன்: 'குள்ளப் படை வேண்டாம். எண்சாணர் படை.'

ஆகஸ்ட் 13, புதன்

அண்ணனே கூப்பிட்டார். "ஒரு தடவ ஒன் இஷ்டத்துக்குப் பேசு. ரெண்டு மாதிரியும் அனுப்புறேன், கம்பெனிக்காரங்க முடிவு பண்ணட்டும்." கீச்சுக்குரலுக்கு வேறொரு பெண்ணைப் பேசவைத்திருந்தார்.

உர்க்காவின் உறுதிமொழி. "எண்சாணர் படையே! நம் இறந்தவர்கள் நடுவில் நிற்கிறார்கள். அவர்களுக்கு இடம் விட்டு நில்லுங்கள்." என் குரலில் இவ்வளவு கனம் இருந்தது எனக்கே தெரியாது. அந்த நூற்றிருபது பேரும் என் பின்னால் நிற்பதாக நினைத்தேன். திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

பேசி முடித்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அண்ணன் ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

என் குரல்தான். பெயரும் எண்சாணர்தான். அல்ஹம்துலில்லாஹ்! போனில் உறுதிமொழியைப் போட்டுக் காட்டினேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். "இன்னொரு தரம் போடு" என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

பரங்கிப்பேட்டையிலிருந்து பெண் கேட்டு போன். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். படிப்பு, வேலை எல்லாம் விசாரித்துவிட்டு அந்த அம்மாள் இழுத்தார்: "பொண்ணு ஹைட்டு எவ்வளவுங்க?"

இந்தக் கேள்வி வந்தாலே அம்மாவின் குரல் உள்ளே போய்விடும். "கொஞ்சம் கட்டைதான், ஆனா நல்லா சமைக்கும்" என்று என்னென்னவோ சொல்லிச் சமாளிப்பார். நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன்.

"எட்டு சாண்" என்றார் அம்மா.

போனைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"ஒங்க புள்ளை எத்தனை சாண்? அளந்து பாத்துட்டுக் கூப்புடுங்க."

போனை வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனார்.