இடது பக்கக் கண்ணாடி

மாப்ள,

இன்று ஞாயிற்றுக்கிழமை. கறிக்கடைக் கூட்டத்தில் இடிபட்டு, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு வந்து வீட்டுக் கதவைத் திறந்தேன். நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணீரின் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. வேறு வீடாக இருந்தால் யாரோ கல்யாணத்துக்குக் கிளம்புகிறார்கள் என்று நினைக்கலாம். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மகள் தர்ஷினி ஏதோ ஒரு பொம்மையின் முகத்தை அழிக்கிறாள். அழிக்கிறாள் என்றால் மறுபடி வரையப் போகிறாள். நீ போனதிலிருந்து இந்த வீட்டில் அடிக்காத வாடை அது. கறிப்பையோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். "கறி அங்கனயே வெந்துருமா?" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி குரல் கொடுத்த பிறகுதான் கால் நகர்ந்தது.

இதை உனக்கு எழுதிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கடையில் சாமான் சிட்டை எழுதுவதைத் தவிர எனக்கு இப்போது பேனாவோடு பெரிய பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன். அந்தப் பத்தாம் வகுப்பிலும் தமிழில் நான் உன்னை முந்தியவன் என்பதை நீ கடைசி வரை ஒத்துக்கொள்ளவே இல்லை. இப்போது மறுத்துப் பேச நீ இல்லாததால் ஜெயித்தது நான்தான். நன்றாகவே இல்லை மாப்ள, இப்படி ஜெயிப்பது.

எல்லாம் உன் கடையிலிருந்து தொடங்கியது. என் இரும்புக் கடைக்கும் உன் ஃபேன்சி ஸ்டோருக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் ஆணி, பெயிண்ட், குழாய். அந்தப் பக்கம் வளையல், ரப்பர் பேண்டு, பொம்மை. புதிதாக வந்த பொம்மைகளில் ஒன்றுக்கு அச்சு தவறி ஒரு கண் நெற்றியில் விழுந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாய்.

"மாப்ள, ஒன்ன மாதிரியே ஒருத்தி வந்திருக்கா பாரு. ஒரு கண்ணு யாவாரத்துல, ஒரு கண்ணு வானத்துல."

கல்லூரியில் சேர்ந்த புதிதில் தர்ஷினி எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள் இல்லையா, அன்றைக்கும் வந்திருந்தாள். பொம்மையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, இத நான் எடுத்துக்கிறவா?"

"எடுத்துக்கத்தா. இத வச்சு என்ன பண்ணப் போற?"

"மூஞ்சிய அழிச்சிட்டு வேற வரையப் போறேன்."

நாம் இருவரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

அவள் சின்னதிலிருந்தே வரைகிறவள்தான். பள்ளி நோட்டின் ஓரமெல்லாம் முகங்கள். தாளில் வரைந்தால் போதாதா, பொம்மை எதற்கு என்று நான் கேட்டதற்கு ஒரு பதில் சொன்னாள். "தாள்ல மூக்கையும் நாமதான்ப்பா வரையணும். இங்க மூக்கு ஏற்கெனவே இருக்கு. அந்த மூக்குக்கு யாரு சொந்தக்காரின்னு கண்டுபிடிக்கணும்." எனக்குப் பாதிதான் புரிந்தது. உன்னிடம் வந்து சொன்னேன். நீ புரிந்த மாதிரி தலையாட்டினாய். உனக்கும் புரியவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஒருநாள் டீ குடிக்க வந்தவன், சாப்பாட்டு மேசையில் சொம்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மூஞ்சியில்லாத பொம்மையைப் பார்த்து, "ஆத்தாடி!" என்று நாற்காலியை விட்டு எழுந்தாயே. அதன் பிறகு எங்கள் வீட்டில் உனக்கு நிரந்தர வேடிக்கை கிடைத்துவிட்டது. பஞ்சால் துடைப்பது, வண்ணச் சாக்கட்டியைப் பிளேடால் சுரண்டிப் பொடியாக்கிக் கன்னத்தில் பூசுவது, நாலைந்து மயிர் மட்டும் உள்ள தூரிகையால் இமை இழுப்பது, ஊசியால் குத்திக் குத்தித் தலையில் முடி ஏற்றுவது என்று அவள் செய்வதையெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாய். உன் கடையில் உடைந்தது, நசுங்கியது எல்லாம் எங்கள் வீட்டுக்கு வைத்தியத்துக்கு வர ஆரம்பித்தன.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். பெயிண்ட் விற்கிறவன் மகளுக்கு வார்னிஷுக்குப் பஞ்சமா என்று, கதவுக்கு அடிக்கிற வார்னிஷ் ஒரு டப்பா கொண்டுவந்து, முகத்தில் கடைசிப் பூச்சாக இதை அடி என்றேன். "பிளாஸ்டிக்குல இது காயுமாப்பா?" என்று அவள் சந்தேகமாகக் கேட்டாள். பெரிய விளக்கமே கொடுத்தேன். அது காயவில்லை மாப்ள. விசிறிக்குக் கீழே வைத்தோம், மொட்டை மாடியில் வைத்தோம். வடகத்தை அரை நாளில் சருகாக்குகிற மதுரை வெயில் அந்த முகத்திடம் தோற்றுப்போனது. கன்னத்தில் ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டது. நீ அதற்குக் கொசு மகராணி என்று பேர் வைத்தாய். "இம்புட்டு வருசமா பெயிண்டு விக்கிற, எதுல எது காயும்னு தெரியல. ஒன் வீட்டுக் கதவு எப்படிடா காஞ்சுச்சு?" என்றாய். மகராணி இன்னும் பாலிதீன் பைக்குள் இருக்கிறாள். இன்னும் காயவில்லை.

ஆனால் கண்ணாடிக் கதைதான் பெரிய கதை. முதல் பொம்மைக்கு எல்லாம் முடிந்து, கண்ணுக்குள் கருப்புப் பொட்டு வைக்க வேண்டியது மட்டும் பாக்கி. தர்ஷினி தூரிகையைத் தொட்டு எடுத்தாள்.

"நில்லு, நில்லு! கண்ணு தொறக்கப் போறியா? கண்ணாடி எங்க?"

"எந்தக் கண்ணாடி மாமா?"

சோழவந்தான் பக்கம் உங்கள் ஊரில் அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும்போது, குதிரைக்குக் கடைசியாகத்தான் கண் வைப்பார்கள், முன்னால் ஒரு கண்ணாடியைப் பிடிப்பார்கள், எதிரே ஆள் நிற்க விடமாட்டார்கள் என்று சொன்னாய். "மொதப் பார்வை கண்ணாடியில விழுகணும்த்தா. மனுசன் மேல விழுந்துச்சுன்னா அப்பறம் அது அந்த ஆள விடாது."

"மாமா, இது பிளாஸ்டிக்கு."

"பிளாஸ்டிக்குன்னா பார்வை இல்லையா? அப்பறம் எதுக்கு இம்புட்டு மெனக்கெட்டுக் கண்ணு வரையிற?"

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். வீட்டில் இருந்த ஒரே நல்ல கண்ணாடி பீரோக் கதவில் இருந்தது. பீரோவைத் தூக்கி வரவா முடியும்? நீ வெளியே போய் உன் ஸ்கூட்டரின் இடது பக்கக் கண்ணாடியைத் திருகிக் கழற்றிக்கொண்டு வந்தாய். அதைப் பொம்மைக்கு எதிரே பிடித்தாய். அவள் பொட்டு வைத்து முடித்து, "போதும் மாமா" என்றதும் கண்ணாடியை எடுத்துவிட்டு, "வா தாயி, நல்லாப் பாரு. இதுதான் நம்ம திருநகர்" என்றாய்.

அன்றிலிருந்து அது சடங்காகிவிட்டது. ஒவ்வொரு பொம்மைக்கும் நீ வந்துதான் கண் திறக்க வேண்டும். அடிக்கடி கழற்ற வேண்டுமே என்று அந்தக் கண்ணாடியை நீ முறுக்கவே இல்லை. ஓட்டுகிறபோது அது தானாகத் திரும்பி வானத்தைக் காட்டும். பின்னால் உட்கார்ந்து நான் சத்தம் போட்டால், "இடது பக்கம் வாரவன் என்னையப் பாத்துக்குவான், நீ சும்மா வா" என்பாய்.

பெண் பார்க்க வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? வேலைக்குப் போகிற பெண்ணின் அறையில் பொம்மை வரிசையைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பொண்ணு இன்னும் பொம்மை வச்சு வெளாடுதோ?" என்று இழுத்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "வெளாடலைங்க. மூஞ்சி பிடிக்கலைன்னா அழிச்சிட்டு வேற போட்டுருவா. மாப்பிள்ளைக்கும் வேணும்னா சொல்லுங்க." அத்தோடு அந்தச் சம்பந்தம் திருமங்கலம் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டது. நான் உன்னோடு பேசாமல் கடையில் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தமாகச் சொன்னாய். "போனா போகட்டும் மாப்ள. அம்புட்டுப் பேரும் சிரிச்சோம், அந்தப் பையன் சிரிக்கல. வேணாம் நமக்கு." அன்று சாயங்காலம் தர்ஷினி தன் கையால் உனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். எனக்குக் கேட்ட பிறகுதான் வந்தது.

அதற்குப் பிறகுதான் எலி காலைக் கடித்த அந்த ஆண் பொம்மையைக் கொண்டுவந்தாய். "ஆத்தா, இவன என்ன மாதிரி பண்ணு. ஆனா தலை நெறைய முடி வேணும். நான் எளவட்டமா இருந்த மாதிரி."

"எளவட்டத்துலயும் இவனுக்கு இம்புட்டு முடி இல்லத்தா" என்றேன் நான். யாரும் என்னைச் சட்டை செய்யவில்லை.

உன்னைப் பார்த்து வரைய அவள் தாளோடு உட்கார்ந்தாள். உன்னால் சும்மா இருக்க முடிந்தால்தானே! பேசிக்கொண்டே இருந்தாய். எல்லாப் படமும் பாதி திறந்த வாயோடு நின்றுபோனது, கண் வரை போகவே இல்லை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் நீ அசந்து தூங்குகிற நேரமாகப் பார்த்து வரைந்தாள். மூக்கு, தாடை, காது, கழுத்து மடிப்பு எல்லாம் அப்படியே வந்தது. தலையில் முடியும் ஏற்றிவிட்டாள். கண் மட்டும் பாக்கி. அடுத்த ஞாயிறு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்த ஞாயிறு வருவதற்குள், பங்குனி வெயிலில் கடை ஷட்டரைப் பாதி தூக்கிய கையோடு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நான்தான் இருந்தேன். ஷட்டர் சத்தம் பாதியில் நின்றது எனக்குக் கேட்டது.

தர்ஷினி தூரிகைகளையெல்லாம் பழைய டிபன் டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். உன் பொம்மைக்கு ஒரு கைக்குட்டையால் கண்ணைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டாள், கண்ணாமூச்சி ஆடுகிற பிள்ளை மாதிரி. வேலைக்குப் போவாள், வருவாள், செல்போனைப் பார்த்துக்கொண்டு படுத்துக்கொள்வாள். ஒரு கோடு வரையவில்லை. "அவ இனி வரையவே மாட்டாளோ?" என்று என் வீட்டுக்காரி என்னிடம் கேட்டாள். எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் பயந்தவனிடம் வந்து பயந்தவள் கேட்டால் என்ன சொல்வது?

போன ஞாயிறு உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, வந்தது. கையில் மஞ்சள் பை. "வண்டிய எடுக்க ஆளு வந்துருச்சுண்ணே. இத மட்டும் கழட்டி வச்சுக்கிட்டேன். வாங்குறவுக, கண்ணாடி எங்கன்னு கேட்டாக. இது வண்டிக்கு உள்ளது இல்ல, பிள்ளைக்கு உள்ளதுன்னு சொல்லிட்டேன்." உன் கண்ணாடியைத் தர்ஷினி மடியில் வைத்தது. "அவுகள எப்பத்தா முடிக்கப் போற? எனக்கு வீட்டுல வைக்கணும்."

அப்போதுதான் பிள்ளை உடைந்து அழுதது. "எனக்கு மாமா கண்ணு தெரியல அத்தை. நான் முழுசா வரைஞ்சதெல்லாம் தூங்குறப்ப வரைஞ்சது. போட்டோவுல எல்லாம் கூலிங் கிளாஸ் போட்டிருக்காரு."

தங்கச்சி அழுதுகொண்டே சிரித்தது. "எனக்கும் அவுக தூங்குறதுதாந்தா நல்லா ஞாபகம் இருக்கு. முழிச்சிருந்தா கடையிலதான இருந்தாக."

அதனால்தான் இன்று அந்த வாடை. முன்பு போட்ட புருவத்தை அழித்துவிட்டு, என்னை எதிரே உட்கார வைத்தாள். "அப்பா, மாமா கண்ணு எப்படி இருக்கும்?" இத்தனை காலம் பார்த்த கண். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கருப்பா, பழுப்பா என்றால்கூடத் தடுமாறினேன். "ரெண்டு கண்ணு இருக்கும்த்தா" என்றேன். அவள் முறைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சரி, ஒங்களக் கிண்டல் பண்ணப் போறப்ப மாமா எப்படிப் பாப்பாரு?"

அது எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நான் அந்த மாதிரி பார்த்தேன். இடது கண்ணைக் கொஞ்சம் இடுக்கி, வலது புருவத்தைப் பைய ஏற்றி, சிரிப்பைக் கண்ணிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு. "அப்படியே இருங்கப்பா, அசையாதீங்க" என்று தாளில் வரைய ஆரம்பித்தாள். உன் கண்ணை என் மூஞ்சியில் பார்த்து வரைந்தாள் மாப்ள. கழுத்து வலித்தது. அசையவில்லை. உன்னால் முடியாத வேலையை நான் செய்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிறகு அதைப் பொம்மையின் முகத்தில் வரைந்து, பொட்டு மட்டும் பாக்கி வைத்துவிட்டு, கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். பொம்மைக்கு எதிரே பிடித்தேன். வலது கண்ணில் ஒரு பொட்டு. இடது கண்ணில் ஒரு பொட்டு. அவ்வளவுதான். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். இடது கண் இடுங்கியிருந்தது. நான் ஏதோ ஒரு மடத்தனம் பண்ணிவிட்டேன், அதைச் சொல்லிக் காட்ட நீ வாயெடுக்கப் போகிறாய். கையில் என்ன வைத்திருக்கிறேன் என்பதே மறந்துபோய், கண்ணாடி என் மடிக்கு இறங்கிவிட்டது. நீ நேராக என்னைப் பார்த்தாய்.

"அப்பா! கண்ணாடி! கண்ணாடி!"

"விழுந்துருச்சுத்தா" என்றேன். "எம் மேல விழுந்துருச்சு."

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி கரண்டியோடு ஓடிவந்தாள். மேசையைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டியைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டு, "அண்ணே, எப்ப வந்தீக?" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தர்ஷினி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாளா, அழுதாளா, எதுவென்று எனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்ததும் தூரிகையைக் கழுவினாள். அதை டிபன் டப்பாவில் போடவில்லை. டம்ளரில் நிறுத்தி வைத்தாள்.

நாளைக்கு உன்னைத் தங்கச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். தலை நிறைய முடியோடு போகிறாய், சந்தோஷப்பட்டுக்கொள். கண்ணாடியை என் வண்டியின் இடது பக்கம் மாட்டியிருக்கிறேன். அடுத்த பொம்மைக்கு நான்தானே கழற்ற வேண்டும், அதனால் முறுக்கவில்லை. சாயங்காலம் பால் வாங்கப் போனபோது அது தானாகத் திரும்பி வானத்தைக் காட்டியது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனான். நான் என்ன மடத்தனம் பண்ணினேன் என்று பார்க்க, அந்த இடுங்கிய கண் என் கூடவே வந்துகொண்டிருந்தது. நீ சொன்னது சரிதான் மாப்ள. அது ஆளை விடவில்லை.